துவார்த்தேயின் வியாதிகள்

அத்தியாயம் 11

தேர்வு நாளைக் காலை எட்டு மணிக்கு என்ற இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தேன். நடுவில் ஓரிரு இதழைத் தவறவிட்டவர்களுக்காகவும், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் படிப்பதால் இதழ் கைக்கு வந்து சேராதவர்களுக்காகவும் கொஞ்சம் பின்னால் போய் வருகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

ஃபுர்தாதோ வீட்டு ஒரே பெண் மரீஸா, அறுவை சிகிச்சை மருத்துவர். பயிற்சி முடித்துவிட்டாள். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். ஃபால் ரிவர் என்ற எங்கள் ஊரில், வீடுகளிலிருந்து பார்த்தால் தெரிகிற ஆஸ்பத்திரியிலேயே வேலையும் பார்க்கிறாள். மிச்சம் இருப்பது வாய்மொழித் தேர்வு ஒன்றுதான். கணினித் திரையில் தேர்வாளர்கள் வந்து உட்கார்ந்து, இப்படி ஒரு நோயாளி வருகிறார், என்ன செய்வீர்கள் என்பார்கள். பதில் சொன்னால், சரி, இப்போது ரத்த அழுத்தம் இறங்குகிறது, இனி என்ன என்பார்கள். சென்ற ஆண்டு அதில்தான் மரீஸா கோட்டை விட்டாள். இந்த முறையும் விட்டால் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று ஆஸ்பத்திரியில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள்.

படிக்காமல் தோற்றாள் என்று யாரும் சொல்ல முடியாது. வினா வங்கியைக் கரைத்துக் குடித்திருந்தாள். அதுதான் வம்பாய்ப் போயிற்று. தேர்வாளர் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே இது எந்தக் கேள்வி என்று அவளுக்குத் தெரிந்துவிடும். 'அறுபது வயதுப் பெண், மஞ்சள் காமாலை, வலி இல்லை' என்று அவர் ஆரம்பித்ததும், மரீஸா கணையத்தில் கட்டி என்று முடிவுகட்டி, ஸ்கேன் எடுத்து, வயிற்றைத் திறந்து, பாதிக் கணையத்தை வெட்டியெடுத்துத் தையலும் போட்டுவிட்டாள். தேர்வாளர் காத்திருந்து தன் வாக்கியத்தை முடித்தார். இரண்டு வாரம் முன்பு இந்தப் பெண்ணுக்குப் பித்தப்பையை எடுத்திருக்கிறார்கள் என்பது அதன் கடைசிப் பாதி. அந்த அறுவையில் பித்தக் குழாயில் காயம் பட்டிருக்குமோ என்று யோசிப்பதுதான் விடை. கணையத்துக்குப் பாவம், ஒன்றுமே இல்லை.

ஆகவே இந்த ஆண்டு வீட்டிலேயே பயிற்சி. அப்பா அனிபால் கேள்வியைப் படிப்பார். அம்மா கிராசிண்டா கையில் சூப்புக் கரண்டியோடு உட்கார்ந்திருப்பாள். கேள்வி முடியும் முன் மகள் வாயைத் திறந்தால் கரண்டி மேஜையில் இறங்கும். மேஜையில் விழுந்த பள்ளங்களைப் பார்த்தாலே பெண்ணின் முன்னேற்றம் தெரியும். முதலில் உட்கார்ந்திருந்த ஜன்னல் பக்கம் நிறைய, இப்போது உட்காரும் அடுப்புப் பக்கம் கொஞ்சம்.

ஒரே ஒரு சங்கடம். வினா வங்கியில் நோயாளிகளுக்குப் பெயர் கிடையாது. பெயரில்லாத ஆளுக்காக எப்படி வருத்தப்படுவது என்பது அனிபாலின் கட்சி. முதலில் தெரிந்தவர்கள் பெயரை வைத்துப் பார்த்தார். ஒரு கேள்வியில் தன் சிநேகிதிக்கு மார்பகப் புற்று வந்த அன்று கிராசிண்டா தடை போட்டுவிட்டாள். அதன்பிறகு அனிபால் எல்லா நோயாளிக்கும் ஒரே பெயரை வைத்துக்கொண்டார். துவார்த்தே.

துவார்த்தே என்றால் கிராசிண்டாவின் தம்பி. மனைவியை இழந்தவர், தனியாக இருக்கிறார். எட்டு வருடமாக இந்த வீட்டுப் படி மிதித்ததில்லை. அந்த ஆண்டு பரிசுத்த ஆவித் திருவிழாவில் ஊருக்கே சூப்பு காய்ச்சும் பொறுப்பு அனிபாலுடையதாக இருந்தது. எங்களிடையே அதைவிடப் பெரிய கௌரவம் இல்லை. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது துவார்த்தே ஒலிபெருக்கியைப் பிடித்து, "சூப்பு பிரமாதம். புதினாதான் கொஞ்சம் பத்தல," என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அதிலிருந்து அனிபால் திருவிழாவுக்கும் போவதில்லை, துவார்த்தேயிடமும் பேசுவதில்லை. வினா வங்கி கைக்கு வந்த நாள் முதல் துவார்த்தேவுக்கு வராத நோய் இல்லை. குடல் முறுக்கிக்கொண்டது, மண்ணீரல் கிழிந்தது, கழுத்தில் கட்டி வந்தது. கருப்பைக் கட்டி என்று ஒரு கேள்வி வந்தபோது மட்டும் மனிதர் கொஞ்சம் யோசித்தார்.

இனி இன்றைய கதை.

இன்று ஞாயிறு, அதே திருவிழா. கிராசிண்டா பூசைக்குக் கிளம்பும் முன் ஒரே ஒரு கேள்வி என்று உட்கார்ந்தாள். வெயில் ஏறிவிட்டதால் சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. படகு எஞ்சின் பக்கத்திலேயே காலம் கழித்த அனிபாலுக்குக் காது மந்தம், அதனால் மற்ற எல்லோருக்கும் காது கேட்காது என்ற எண்ணத்தில்தான் பேசுவார்.

"துவார்த்தே," என்று தொடங்கினார். "வயசு அறுபத்தாறு. படகுல வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வாய்க்கொழுப்பு ஜாஸ்தி."

"அப்படியா போட்டிருக்கு?" என்றாள் கிராசிண்டா.

"வயசு போட்டிருக்கு. மிச்சம் நான் போட்டுக்கிட்டேன்."

"உள்ளதைப் படிங்க."

"பெருங்குடல்ல கட்டி. கல்லீரலுக்கும் பரவிடுச்சு. நேத்திலேருந்து..."

"முதல்ல நான் வந்து..." என்றாள் மரீஸா.

கரண்டி இறங்கியது.

"அவர் இன்னும் நேத்துக்கே வந்து சேரலடி. அதுக்குள்ள உனக்கு என்ன அவசரம்?"

"நேத்திலேருந்து வயிறு உப்பி ஒரே வாந்தி. காய்ச்சல். ரத்த அழுத்தம் எண்பது." அனிபாலின் குரலில் ஒரு நிறைவு இருந்தது. "பாவம் துவார்த்தே. இது தாங்காது."

"அதுவும் போட்டிருக்கா?"

"அது என் அபிப்பிராயம்."

மரீஸா மூச்சை இழுத்துக்கொண்டு பதில் சொன்னாள். மூச்சுவிட வழி, நரம்பில் திரவம், மருந்து, படம், பிறகு அறுவை. அனிபால் தேர்வாளர் தோரணையில் தலையாட்டிவிட்டு, அறுவைக்கு நடுவில் இதயம் நின்றுபோகிறது என்றார். அவள் அதற்கும் சொன்னாள். மறுபடியும் நிற்கிறது என்றார்.

"அப்பா, அது கேள்வியிலயே இல்ல."

"உனக்கு எதிர்ல உக்காரப்போறவன் இதைவிடக் கெட்டவனா இருப்பான். சொல்லு."

"எல்லாம் செஞ்சாச்சு. இனிமே காப்பாத்த முடியாது. குடும்பத்தைக் கூப்பிட்டு உக்கார வெச்சு மெதுவா சொல்லுவேன்."

"அவ்வளவுதான். துவார்த்தே போய்ட்டான்," என்றார் அனிபால், தெருமுனை வரைக்கும் கேட்கும்படி. "அடுத்தது எடு."

ஜன்னலுக்குக் கீழே, பீடத்துக்குப் பூ எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த எதிர் வீட்டு ஜெசுவினா அப்படியே நின்றுவிட்டாள். கொஞ்ச நாளாகவே அவள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. துவார்த்தேவுக்குக் கல்லீரல், துவார்த்தேவுக்கு ரத்த அழுத்தம் என்று. சொல்வது டாக்டர் வீடு. சொல்கிறவர் சொந்தக்காரர். சந்தேகப்பட என்ன இருக்கிறது? போய்விட்டானா, போகப்போகிறானா என்பதுதான் சரியாகப் பிடிபடவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பாதிரியாரிடம் இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஜெபம் கேட்டுக்கொண்டாள்.

பூசையில் நடந்ததைக் கிராசிண்டா கண்ணால் பார்த்தாள். பாதிரியார் பீடத்திலிருந்து, "மிகக் கடினமான நிலையில் இருக்கும் நம் சகோதரர் துவார்த்தேவுக்காக மன்றாடுவோம்," என்றார். மூன்றாவது வரிசையில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்த சகோதரர் துவார்த்தே, எந்தத் துவார்த்தே என்று திரும்பிப் பார்த்தார். கோயில் முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ ஒரு கிழவி அவர் கோட்டைத் தொட்டு முத்தமிட்டாள். பூசை முடிவதற்குள் அவர் எழுந்து போய்விட்டார்.

சூழ்ந்துகொண்டு விசாரித்தவர்களிடமிருந்து மீளக் கிராசிண்டாவுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு திருவிழா மண்டபத்துக்குப் போகாமல் வீட்டுக்கு ஓடிவந்தாள். கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"உங்க திருவாயால ஊரே என் தம்பிக்கு ஜெபம் பண்ணுது."

"பண்ணட்டும். அந்த ஆளுக்குத் தேவைதான்," என்றார் அனிபால்.

"விளையாட்டு இல்லங்க. டாக்டர் வீட்டுச் செய்தின்னு பேசிக்கறாங்க. நோயாளி விஷயத்தை மரீஸா வெளியில விட்டான்னு ஆகிடும்."

மரீஸாவுக்கு அப்போதுதான் உறைத்தது. நோயாளியின் விஷயம் நான்கு சுவருக்கு வெளியே போகக் கூடாது. போனால் தேர்வில் தேறினாலும் ஒன்றுதான், தேறாவிட்டாலும் ஒன்றுதான். "ஆனா மாமா என் நோயாளியே இல்லையே," என்றாள். "அவருக்குத்தான் ஒரு நோயும் இல்லையே."

கிராசிண்டா கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் செய்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். கேட்பதற்குள் கதவு தட்டப்பட்டது.

வாசலில் துவார்த்தே. கோட்டின் பொத்தானைத் திறந்துவிட்டிருந்தார். முகம் வேர்த்திருந்தது. எட்டு வருடத்துக்குப் பிறகு வருகிறவர் ஒரு கும்பிடு, ஒரு வணக்கம் சொல்ல வேண்டாமா? நேராகத் தமக்கையைப் பார்த்தார்.

"என் வீட்டு வாசல்ல மூணு பொம்பளைங்க சூப்புச் சட்டியோட நிக்கிறாங்கக்கா. ஒருத்தி என் கட்டில் அளவு கேக்கறா. ஜெசுவினா என் நாற்காலியைத் தன் பேரனுக்குத் தரணும்னு சொல்றா. நான் யாரை நம்பி ஒரு விஷயத்தைச் சொன்னேன்?"

"நான் யார்கிட்டயும் சொல்லல தம்பி. சத்தியமா."

"நீ சொல்லாம எப்படித் தெரியும்? உனக்கு மட்டுந்தான் தெரியும். நீ உன் பொண்ணுகிட்டச் சொன்ன, அவ ஆஸ்பத்திரில என் ஃபைலைத் தோண்டிப் பார்த்தா, ஊர் பூரா தண்டோரா போட்டாச்சு."

"என்ன விஷயம்?" என்றாள் மரீஸா. "எந்த ஃபைல்?"

அனிபால்தான் முதலில் அசைந்தார். மேஜையிலிருந்த தாள்களை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். மறைக்கிற வயதா அது? பாதி கீழே விழுந்தது. மேலே இருந்த தாளில், நோயாளி என்று அச்சடித்திருந்த இடத்தை அடித்துவிட்டு நீல மையில் துவார்த்தே என்று எழுதியிருந்தார்.

துவார்த்தே குனிந்து எடுக்கப் போனார், பாதியில் முகத்தைச் சுளித்து நிமிர்ந்துவிட்டார். கிராசிண்டா எடுத்துக் கொடுத்தாள். அவர் படித்தார். அடுத்ததைக் கேட்டார். அதையும் படித்தார்.

"இதுல எனக்குக் கணையம் அழுகிப் போச்சு."

"அது போன செவ்வாய்க்கிழமை," என்றார் அனிபால், எங்கோ பார்த்துக்கொண்டு.

"இதுல குண்டு அடி பட்டிருக்கு. என்னை யாருய்யா சுட்டது?"

"அதெல்லாம் போடல."

"நீயே சுட்டிருப்ப."

"மாமா, இது பரீட்சைக்குப் படிக்கற கேள்வி," என்றாள் மரீஸா. "எதுவும் நிஜம் இல்ல. அப்பா சும்மா உங்க பேரை வெச்சுப் படிச்சாரு. உங்களைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. உங்க ஃபைலை நான் பார்த்ததே இல்ல. பார்க்கவும் கூடாது."

துவார்த்தே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். கோபம் பாதி இறங்கிப்போயிற்று. இறங்கிய இடத்தில் வேறு ஏதோ தெரிந்தது.

"அப்ப ஊருக்குத் தெரியாதா?"

"என்னதுன்னு எனக்கே தெரியாது மாமா."

"தம்பிக்குக் குடலிறக்கம்டி," என்று கிராசிண்டா பட்டென்று போட்டு உடைத்தாள். "ரெண்டு வருஷமா. உங்க ஆஸ்பத்திரில காட்டினான். ஆபரேஷன்னு சொன்னதும் ஓடி வந்துட்டான். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்டச் சத்தியம் வாங்கிக்கிட்டான்."

மரீஸாவுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. "வீட்டுல ஒரு சர்ஜனை வெச்சுக்கிட்டு என்கிட்டயா மறைச்சீங்க?"

"உன்னைத் தூக்கி வளர்த்தவன் நான். அதை மருமககிட்ட எப்படிக் காட்டறது?" என்றார் துவார்த்தே. சொல்லும்போதே உதட்டைக் கடித்துக்கொண்டார். நெற்றியில் வேர்வை மறுபடியும் அரும்பியது.

மரீஸா அதைக் கவனித்தாள். நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். "இப்ப வலிக்குதா மாமா?"

மனிதர் கதை சொல்லத் தொடங்கினார். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் துவார்த்தேயிடம் மணி கேட்டால்கூட, அந்தக் கடிகாரம் யார் கொடுத்தது என்பதிலிருந்துதான் ஆரம்பிப்பார். காலையில் எழுந்ததை, மேகம் பார்த்ததை, தென்மேற்குக் காற்று வீசினால் தன் இடுப்பு எப்படி இருக்கும் என்பதை, பழைய படகில் வலை இழுக்கும் எந்திரத்தின் கயிறு அறுந்த கதையை எல்லாம் சொன்னார். கோட்டுப் போடும்போது தொடை இடுக்கில் அந்த வீக்கம் வெளியே வந்தது என்றார்.

மரீஸாவின் வாய் திறந்தது. இது எந்தக் கேள்வி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நெஞ்சுக்குள் விடை வரிசையாக வந்து நின்றது. கிராசிண்டாவின் கை கரண்டிக்குப் போயிற்று. மரீஸா கரண்டியைப் பார்க்கவில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"எப்பவும் படுத்துக்கிட்டு அமுக்கினா உள்ள போய்டும். இன்னிக்கு காலையிலேருந்து போகவே மாட்டேங்குது," என்றார் துவார்த்தே. "கல்லாட்டம் இருக்கு. கோயில்ல வாந்தி வர்ற மாதிரி இருந்துது. வெளியில வந்து எடுத்தேன். சரி, மண்டபத்துல ஒரு வாய் சூப்பு குடிச்சா சரியாகும்னு போனேன். இந்த வருஷம் சூப்பு..." அனிபாலைப் பார்த்தார். "சொல்ல வேணாம்."

"சொல்லு," என்றார் அனிபால்.

"தண்ணி."

அனிபால் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போயிற்று.

"அதையும் வாந்தி எடுத்துட்டேன். அவ்வளவுதான்," என்றார் துவார்த்தே.

மரீஸா எழுந்திருக்கவில்லை. இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னொண்ணு," என்றார் துவார்த்தே. "அது இதுக்குச் சம்பந்தமான்னு தெரியல. நெஞ்சு படபடப்புக்கு ஒரு மாத்திரை தராங்க. ரத்தம் உறையாம இருக்க. இன்னிக்கு காலையில வழக்கம்போல போட்டுக்கிட்டேன்."

அது சம்பந்தம்தான். அந்த மாத்திரை தெரியாமல் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது. மரீஸா அவரைச் சோபாவில் படுக்கவைத்து, திரையை இழுத்துவிட்டு, கூச்சப்படாதீங்க மாமா, நான் இப்ப மருமக இல்ல என்று சொல்லிப் பார்த்தாள். வெளியே வந்ததும் கைகளைக் கழுவாமலேயே போனை எடுத்தாள், பிறகு திரும்பிப்போய்க் கழுவினாள்.

அன்று அவசர அறுவைக்குப் பொறுப்பில் இருந்தவர் டாக்டர் ஹாலெட். வார்த்தைக்குக் காசு கட்டுகிறவர்போல் அளந்து பேசும் பெண்மணி.

"அறுபத்தாறு வயது ஆண், என் மாமா," என்று மரீஸா ஆரம்பித்தாள். தொடை இடுக்கில் சிக்கிக்கொண்ட குடலிறக்கம், காலையிலிருந்து உள்ளே போகவில்லை, தொட்டால் வலி, இரண்டு முறை வாந்தி, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு. ஒன்றையும் விடவில்லை.

"அமுக்கிப் பார்த்தியா?" என்றார் ஹாலெட்.

"இல்ல. உள்ள குடல் செத்திருந்தா அதை வயித்துக்குள்ள தள்ளிடக் கூடாது."

"மாத்திரைக்கு?"

"மாற்று மருந்து தயாரா வெக்கச் சொல்லணும். ரத்தமும் எடுத்து வெக்கணும்."

"திறந்ததும் குடல் கறுத்திருந்தா?"

"வெதுவெதுப்பான துணியைப் போட்டுக் காத்திருப்பேன். நிறம் திரும்பாட்டி அந்தத் துண்டை எடுத்துட்டுச் சேர்ப்பேன்."

"கூட்டிட்டு வா. நீ உள்ள வரக் கூடாது, உன் சொந்தக்காரர்," என்றார் ஹாலெட். "நாளைக்குத்தானே உனக்குத் தேர்வு? இப்படியே பேசு."

மரீஸா போனை வைத்தாள். கிராசிண்டா கரண்டியைக் கழுவி, துடைத்து, மாட்ட வேண்டிய இடத்தில் மாட்டினாள். பெண் தேறிவிடுவாள் என்று அந்தத் தாய்க்கு முதல்முறையாகத் தோன்றியது. ஆனால் வாய்விட்டுச் சொல்லவில்லை. கண் பட்டுவிடும் என்ற பயம்.

கார் அனிபாலுடையது. துவார்த்தே முன் சீட்டில் உட்கார மாட்டேன் என்றார். பின் சீட்டில் படுத்துக்கொண்டு, வழி நெடுக அனிபால் எந்தச் சந்தில் திரும்பியிருக்க வேண்டும் என்று கூரையைப் பார்த்தே சொல்லிக்கொண்டு வந்தார். ஆள் பிழைப்பார் என்று எனக்கு அப்போதே தெரியும்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் வேகமாக நடந்தது. ஊசி போட்டார்கள், கையெழுத்து வாங்கினார்கள். தள்ளுவண்டி அறுவை அரங்கை நோக்கிப் போகும்போது துவார்த்தேவுக்கு மருந்து ஏறத் தொடங்கியிருந்தது. நாக்கு தடித்துவிட்டது. மரீஸாவின் கையை எட்டிப் பிடித்தார்.

"மருமகளே, உன்கிட்ட ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். கோயில்லேருந்து வந்ததும் கோவத்துல நான் ஒரு..."

"என்ன மாமா? சொல்லுங்க."

"நான் போன் எடுத்து..."

கதவு மூடிக்கொண்டது. வாக்கியம் உள்ளே போய்விட்டது. அவள் முடிவு வரைக்கும் கேட்கத் தயாராக நின்ற நேரத்தில் இப்படி ஆயிற்று.

மிச்சம் வந்து சேர அதிக நேரம் ஆகவில்லை. காத்திருக்கும் கூடத்தில் அவள் போன் அடித்தது. ஆஸ்பத்திரியின் ஞாயிற்றுக்கிழமைப் பொறுப்பு மேற்பார்வையாளர் ஒகீஃப் அம்மாள்.

"டாக்டர் ஃபுர்தாதோ, உங்க மேல ஒரு புகார் வந்திருக்கு. நோயாளியோட ரகசியத்தை வெளியில சொன்னீங்கன்னு. பேரு துவார்த்தே. நீங்க அவரு ஃபைலைப் பார்த்துட்டு ஊர் பூரா சொல்லிட்டீங்கன்னு சொல்றாரு. கோயில்ல அறிவிச்சாங்களாமே?"

மரீஸா நடந்ததைச் சொன்னாள். கேள்வித் தாள், அப்பா, ஜெசுவினா, ஜெபம் எல்லாம்.

"நான் நம்பறேன். இப்படி ஒண்ணை யாராலயும் கற்பனை பண்ண முடியாது," என்றார் ஒகீஃப். "ஆனா நான் நம்பினா பத்தாதே. புகார் வந்தா மறுநாள் காலையில விசாரணைக் குழு முன்னாடி நிக்கணும். நாளைக்கு எட்டு மணி."

"எட்டு மணிக்கு எனக்குத் தேர்வு."

"தெரியும். நேரத்தை நான் வெக்கறதில்ல. நீங்க வராட்டி வேலையிலேருந்து நிறுத்தி வெச்சிட்டுத்தான் விசாரிப்பாங்க."

"தேர்வுக்குப் போகாட்டி அதுவும் தோல்விதான் மேடம்."

"புகார் கொடுத்தவர் தன் வாயாலயே வேண்டாம்னு சொல்லிட்டா குழு கூடாது. அவரை நீங்க போய்ப் பார்க்கக் கூடாது. புகார் உங்க மேல. வேற யாராவது கேட்டுப் பாருங்க. இப்ப அவர் எங்க இருக்காரு?"

"வயித்தைத் திறந்து வெச்சிருக்காங்க," என்றாள் மரீஸா.

போனை வைத்துவிட்டு அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தாள். ஒரு வருடம் படித்த படிப்பு. தேர்வுக்குப் போனால் வேலை போகிறது, விசாரணைக்குப் போனால் தேர்வு போகிறது, தேர்வு போனால் வேலை எப்படியும் போகிறது. இதற்கு வினா வங்கியில் விடை இல்லை. அவள் அழுதாள். அடக்கிக்கொள்ளாமல் சத்தமாகவே அழுதாள்.

சாயங்காலம் ஹாலெட் முகமூடியைக் கழற்றிக்கொண்டே வந்தார். குடல் பிழைத்தது, வெட்ட வேண்டியிருக்கவில்லை, இன்னும் கொஞ்ச நேரத்தில் கண் விழிப்பார், கூட ஒருவர் இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கிராசிண்டா சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"நீ உக்காரு," என்றார் அனிபால். "நான் போறேன்."

"நீங்களா? அவன் கண்ணைத் திறந்ததும் உங்களைப் பார்த்தா மறுபடியும் மூடிப்பான்."

"மூடட்டும். திறக்கற வரைக்கும் உக்கார்றேன்."

"நான் கேட்டா அவன் ஒரே வார்த்தைல சரின்னுடுவான். நீங்க போய் ஏதாவது பேசி, அவன் முறுக்கிக்கிட்டு, பொண்ணு வாழ்க்கை என்னாறது?"

"நீ கேட்டா அக்கா சொன்னாளேன்னு சரிம்பான். நாளைக்கே எவனாவது கிளப்பிவிட்டா மறுபடி போனை எடுப்பான்." அனிபால் தன் தொப்பியை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார். "அவன் பேரை எழுதினது நான். அவனைச் சாகடிச்சது நான். நான்தான் போய்க் கேக்கணும். நீ இவளைக் கூட்டிட்டுப் போய் ஏதாவது சாப்பிட வெச்சுத் தூங்க வை. காலையில எட்டு மணிக்கு அவ திரை முன்னாடி உக்காரட்டும். அதுக்குள்ள அவனைப் பேச வெக்கறது என் பொறுப்பு."

மரீஸா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

அனிபால் நடந்தார். மயக்கம் தெளியவைக்கும் அறையின் வாசலில் ஒரு நர்ஸ் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள். சின்னப் பெண். தலை நிமிராமல் கேட்டாள்.

"யாரைப் பார்க்கணும்?"

"துவார்த்தே."

"நீங்க அவருக்கு என்ன உறவு?"

அனிபால் திரும்பிப் பார்த்தார். கூடத்தின் கோடியில் மனைவியும் மகளும் நின்றுகொண்டிருந்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டார். ஏதோ முணுமுணுத்தார்.

"காதுல விழல சார். கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

சத்தமாகச் சொல்லச் சொல்லி அந்த மனிதரிடம் வாழ்க்கையில் யாரும் கேட்டதில்லை. தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"என் மச்சான்."